சாய்த்து ஒட்டிய பெல்ட்

வளைகுடாவில் தச்சு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர் நகையும் கொண்டு வரவில்லை, போர்வையும் கொண்டு வரவில்லை. அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அது என்னைவிட மூத்ததாக இருக்கும். "இனிமே இங்கியே கதவு செய்யப் போறேன்" என்றார். முதல் ஆர்டர், சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்குத் தேக்கில் வாசல் கதவு. அது சரிப்படாவிட்டால் திரும்பப் போய்விடுவாராம். விசா ஏஜென்ட் வேறு பதிலுக்குக் காத்திருந்தார். என் வீட்டுக்காரர் போகக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

கதவைத் தேய்க்கத் தொடங்கிய அன்றே, மெஷினில் சுற்றும் உப்புத்தாள் பெல்ட் அறுந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவைத் தாண்டி, கடலூர் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இந்த சைஸு இப்ப வர்றதில்லக்கா, புது மெஷினே வாங்கிடுங்க" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். சிதம்பரத்திலும் அதே கதைதான். ஒரு கடையில் மட்டும் உப்புத்தாள் போலவே சொரசொரக்கும் எமரித் துணி மீட்டர் கணக்கில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் இளவயதில் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் இருந்தவர். அங்கே பெல்ட் அறுந்தால் இரும்புக் கிளிப் அடித்து இணைப்பார்கள். எமரித் துணியை அளவாக வெட்டி இதற்கும் கிளிப் அடித்தார். நல்லவேளை, முதலில் ஒரு துண்டுப் பலகையில் ஓட்டிப் பார்த்தார். கிளிப் தட்டித் தட்டி, பலகை பூனை பிறாண்டியது போல ஆயிற்று. "நாளைக்கு ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிடுறேன்" என்று மெஷினை ஓரம் கட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நான் ஜாக்கெட் தைப்பவள். கழுத்தோரம் வைக்கும் பைப்பிங் துணியை நேராக வெட்டி இணைத்தால் அந்த இடம் தடித்து நிற்கும். சாய்த்து வெட்டினால் அமுங்கிவிடும். "மச்சான், அந்தத் துணிய இப்படிக் குடுங்க" என்றேன். இரண்டு முனைகளையும் ஒரே சாய்வில் வெட்டி, முட்ட வைத்து, பின்பக்கம் மெல்லிய துணி கொடுத்துப் பசை போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தேன்.

"இது ஜாக்கெட் இல்ல புள்ள" என்று சிரித்தார். நான் இஸ்திரிப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

மறுநாள் மாட்டி ஓட்டினார். இணைப்பு எங்கேயும் தட்டவில்லை. தேக்கு வழவழவென்று வந்தது. கதவின் ஒரு பக்கம் முடியும் நேரத்தில் ஏஜென்ட்டே கூப்பிட்டார். இவர் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"வேற ஆளப் பாத்துக்கங்க பாய். எனக்கு இங்க வேல கெடக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி மெஷினை மறுபடி ஓடவிட்டார்.