ஆர்கன் வாசிக்கும் கையும் எழுபது மில்லி ஸ்டெம்மும்

எழுத்து எனக்குச் சம்பந்தமில்லாத வேலை. பத்தாவதோடு நின்றவன். கடைக்கு வருகிறவர்களிடம்கூட முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுவேன். சைக்கிள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது உதவுமா என்றுதான் துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கடைக்கு, ஈஸ்டருக்குச் சில வாரங்கள் முன்னால் ஸ்டெல்லா அக்கா வந்தார். ஊரிகத்தில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கிற பழைய ஆர்கன். மற்ற நாட்களில் பெங்களூரில் ஆபீஸ் வேலை. ரயில் பிடிக்கப் பங்காரப்பேட்டை வரைக்கும் சைக்கிளில் போய் வருவார். மகன் வாங்கித் தந்த நேரான ஹேண்டில் வைத்த புது ஹைபிரிட் சைக்கிள்.

"தம்பி, இந்த வண்டி வந்ததுலேர்ந்து சுண்டுவிரல் மரத்துப் போவுது. போன வாரம் பாட்டு நடுவுல விரல் ஆர்கன் கட்டைமேல கீதா இல்லியான்னே தெரியல. பாட்டோட மேல் சுரம் எல்லாம் வலது சுண்டுவிரல்தான் புடிக்கணும். பாட்டுக் குழு நடத்தற கொயர் மாஸ்டர் ஈஸ்டருக்கு வேற ஆள் பாக்கட்டுமான்னு கேக்கறாரு."

கல்லாவில் இருந்த முதலாளி, "சைக்கிளை வுட்டுட்டு ஆட்டோல போங்கம்மா. விரல் தானா சரியாப்பூடும்" என்றார்.

"நீங்க கடைய மூடிட்டு ஆட்டோ ஸ்டாண்டு வையுங்களேன்" என்றார் அக்கா.

முதலில் ஹேண்டில் பிடிக்குத் தடிமனான ரப்பர் கிரிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். பலன் இல்லை. எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

"ஆர்கன்ல கை எட்டலேன்னா பெஞ்சை முன்னால இழுத்துப்பேன். அதே மாதிரி சீட்டைத் தள்ளிக் குடேன்."

அது சரிவராது என்று எனக்குத் தோன்றியது. சொல்லக் கூச்சம். சீட்டை முன்னால் தள்ளி போல்ட்டை இறுக்கிக் கொடுத்தேன். சில நாளில் நொண்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, இப்ப முட்டியும் வலிக்குது! கை முன்னவிட மோசம்."

சீட்டு முன்னால் போனால் உடம்புப் பாரம் கைமேல் விழும். இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, ஆர்கன்ல மிதியும் நகராது, கட்டையும் நகராது. அதனால பெஞ்சை நகத்துறீங்க. சைக்கிள் அப்டி இல்ல. காலுக்கு ஏத்தாப்பல சீட்டை வெச்சுட்டா அதைத் தொடக் கூடாது. ஹேண்டிலைத்தான் நம்மகிட்ட கூட்டினு வரணும்."

"குமாரு, நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லப்பா" என்றார் முதலாளி.

சீட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். நின்ற இடத்திலேயே மிதிக்கிற மாதிரி வண்டியின் பின்சக்கரத்தை ட்ரெய்னர் ஸ்டாண்டில் பூட்டி அக்காவை ஏற்றினேன். இனி தோள் அகலம், கை நீளம் அளக்க வேண்டும். ஒரு பெண்மணியின் தோளில் டேப் வைக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் ஒன்று கேட்டேன்.

"கண்ணை மூடினு மெதுவா மிதிங்கக்கா. ஹேண்டிலை மறந்துடுங்க. எதிர்ல ஆர்கன் கீதுன்னு நெனச்சுக் கையை வையுங்க."

கை இரண்டும் காற்றில் எழும்பி வந்தன. தோள் தளர்ந்து இறங்கியது. முழங்கை லேசாக மடங்கியது. விரல்கள் தாமாகவே அசைய ஆரம்பித்தன. அந்த விரல்களின் தாளத்துக்குக் காலும் மிதித்தது. சத்தமே இல்லாமல் ஒரு பாட்டு நடந்துகொண்டிருந்தது. முதலாளி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோக மறந்து நின்றார்.

உள்ளங்கைக்குக் கீழே டேப்பைப் பிடித்தேன். கையை இறக்கி மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடியும் வைக்கச் சொன்னேன். எத்தனை தடவை வைத்தாலும் அதே இடம், நூல் பிடித்த மாதிரி. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு ஹேண்டில் முடுக்கியிருப்பேன். தனக்கு எது சௌகரியம் என்கிற அளவை உடம்பே வைத்திருக்கிறது, யாரும் கேட்காததால் சும்மா இருந்திருக்கிறது.

கை நின்ற இடம் வண்டியின் ஹேண்டிலுக்கு மூன்று விரல் பின்னால், இரண்டு விரல் மேலே. மணிக்கட்டு நேராக இல்லை, கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தது. ஹேண்டில் பாரை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற துண்டைத்தான் ஸ்டெம் என்போம். வண்டியில் இருந்தது நூற்றுப்பத்து மில்லிமீட்டர் ஸ்டெம், கோல் மாதிரி நேரான பார். அதைக் கழற்றிவிட்டு எழுபது மில்லி ஸ்டெம்மை மேல்நோக்கிப் போட்டேன். அவர் கைகள் நின்ற அகலத்துக்கு, முனை பின்னால் வளைந்த பார் ஒன்றைத் தேடி மாட்டினேன். ஸ்டெம் குட்டையானால் ஹேண்டில் சட்டென்று திரும்பும். முதல் நாள் வளைவில் மெதுவாகப் போகச் சொன்னேன்.

மரத்த விரல் உடனே திரும்பவில்லை. "எறும்பு ஓடறாப்பல கீது" என்றார் ஒரு நாள். கொயர் மாஸ்டர் வேறு ஆளையும் தயாராக வைத்திருப்பதாக அக்கா சொன்னார். எனக்கு அந்த வாரம் வேலையே ஓடவில்லை.

ஈஸ்டர் அன்று காலையில் அந்த சர்ச் பக்கம் போனேன். நான் கோயிலுக்குப் போகிறவன். உள்ளே போகத் தயக்கமாக இருந்ததால் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆர்கன் ஆரம்பித்தது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கேட்டில் நின்றபடியே திறந்திருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அக்காவின் முதுகு தெரிந்தது. ஸ்டாண்டில் பார்த்த அதே தோள்.

பாட்டு ஏறிக்கொண்டே போனது. உச்சியில் ஒரு சுரம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்றது. நிதானமாக நின்றது. அத்தனை பேர் குரலும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. நான் கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு சின்ன இரும்புத் துண்டை மாற்றியதற்கு இவ்வளவா என்று இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சீட்டைக் காலுக்குச் சரியாக வையுங்கள். பிறகு ஆளைக் கண்ணை மூடி உட்கார வைத்து, கை எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு ஏற்ற ஸ்டெம்மையும் பாரையும் தேடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு தெரிந்ததைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். ஸ்டெம் குட்டையானதில் பிரேக் கேபிள் நீளமாகித் தொங்கி, டயரில் உரசுகிறது என்றார். வெட்டி மாட்டிக் கொடுத்தேன்.