சுவரைப் பார்த்த கிதார்

ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் நகரத்தின் சாந்தியாகோ பேட்டையில் அன்செல்மோவைத் தெரியாத ஜிப்சி வீடு கிடையாது. ஒன்பது வயதில் கல்யாணங்களில் கிதார் பிடித்தவன். பதினேழில் தலைநகர் மத்ரித் போய், தின்றுகொண்டே வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால், ஆட்டக்காரிகளின் குதிகால் தாளத்துக்கு ஈடுகொடுத்து வாசித்தான். ஜப்பான்வரை போய்வந்தான். ஆனாலும் அவன் உயிர் தங்கை திரினியின் பாட்டில்தான் இருந்தது. அவள் குரல் எங்கே உடையும் என்பது அவளுக்கு முன்பே அவன் விரல்களுக்குத் தெரியும். அவளும் பிடிவாதக்காரி, அண்ணன் வாசிக்காத மேடையில் ஏறவே மாட்டாள்.

நாற்பத்தொரு வயதில் அவனுடைய வலது கை மோதிரவிரல் உள்ளே மடங்கத் தொடங்கியது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. அந்த விரல் காபிக் கோப்பையைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடும். கிதாரைத் தொட்டால் மட்டும் புழுவாய்ச் சுருண்டுகொள்ளும். நகத்தில் பசையைப் பூசிக் கெட்டியாக்கிப் பார்த்தான். ரப்பர் வளையம் போட்டு இழுத்துப் பார்த்தான். கோளாறு விரலில் இல்லை, மூளையில் என்றார் செவில்லா மருத்துவர். மருந்தும் கிடையாதாம். வீட்டில் இதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. கட்டைவிரலை வைத்தே சமாளித்தான். எல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் எங்கேயும் உண்டே, அது "ஆகா, தாத்தா காலத்து வாசிப்பு!" என்று கைதட்டியது.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா என்கார்னா செத்துப்போனாள். அவன் அழுதது பொய்யில்லை. ஆனால் கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் சவப்பெட்டியைத் தள்ளிச் செங்கல் வைத்துப் பூசியபோது, அவன் நெஞ்சில் ஒரு நிம்மதியும் எட்டிப்பார்த்தது. பாவி, இனி ஒரு வருடம் யாரும் வாசிக்கச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தான். துக்க வீட்டில் பாட்டு கூடாது, கிதார் கூடாது, வானொலிகூடக் கூடாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கிதாரைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டினான்.

மச்சானின் பழக்கடையில் ஆரஞ்சு விற்றான். வருடம் முடிந்தது. திரினி வந்து, "அண்ணே, எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

"மனசு வரலடி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அண்ணன் துக்கத்தில் இருக்கும்போது தங்கை வாய் திறந்து பாடுவது அவர்களிடம் வழக்கமில்லை. அவளும் கறுப்பைக் கழற்றவில்லை. இரண்டாம் வருடமும் போனது. "பிள்ளைன்னா இவன்ல பிள்ளை!" என்று சந்தையில் கிழவிகள் உருகினார்கள். அவன் கூசிப்போய் ஆரஞ்சுகளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திரினி விடுவிடுவென்று உள்ளே வந்தாள். பாட்டு நின்றபின் சேர்ந்த, ஓட்டலில் கழிப்பறை கழுவும் வேலையில் அவள் கையெல்லாம் வெளுத்திருந்தது. சுவரிலிருந்து கிதாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"ஒரே ஒரு பாட்டுண்ணே. அம்மா கோவிச்சுக்க மாட்டா."

வாசித்தான். நாலாவது அடியில் விரல் சுருண்டது. அவள் குனிந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"அம்மா போறதுக்கு முன்னாலேர்ந்தே."

"செவில்லாவிலேர்ந்து ரெண்டு தடவ பாடக் கூப்பிட்டாங்க. எங்கண்ணன் துக்கம் இன்னும் ஆறலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் மேசையில் விரல் முட்டியால் தாளம் தட்டிக்கொண்டு, கிதார் இல்லாமலே பாடத் தொடங்கினாள். இரண்டாவது வரி மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் கரகரத்து, வெறும் காற்றாகப் போனது. இருமினாள். மறுபடி முயன்றாள். அதே இடத்தில் அதே காற்று. இரண்டு வருடம் பாடாத தொண்டை. போதாததற்கு ஓட்டல் அமிலத்தின் நெடி வேறு. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"திரினி..." என்றான்.

அவள் எழுந்து கிதாரை வாங்கினாள். பழையபடி சுவர் பார்க்க மாட்டிவிட்டு, கறுப்பு முக்காட்டைச் சரிசெய்தாள்.

"யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். அம்மா துக்கம் எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் தீரல."