காம்பராவுக்குப் பின்னால் வந்த தண்ணீர்

வேலாயி அக்காவை எதிர்த்துப் பேச எங்கள் லயத்தில் ஆள் கிடையாது. கெலிஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில், ஒற்றை அறை வீடுகளாகப் பதினோரு காம்பரா வரிசையாக உள்ள லயம். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, அரை மைல் இறங்கிப் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக ஏறி வருவாள். முப்பது வருஷம். முழங்கால் தேய்ந்தே போயிருந்தது.

போன ஐப்பசி மழையில் அவள் காம்பராவுக்குப் பின்னால் மண்மேட்டில் தண்ணீர் கசிந்தது. இரண்டே நாளில் விரல் தடிமனுக்கு ஊற்று. அக்கா மூங்கிலைப் பிளந்து செருகினாள். பக்கத்துக் கல்லில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

"மாரியாத்தா என் முழங்கால பாத்துட்டா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மண்சரிவு அபாயம் பார்க்க வந்த அதிகாரி, புதிதாக எங்கேயாவது ஊற்று வந்திருக்கிறதா என்று கேட்டார். சொன்னால் லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள்.

"அப்படி ஒன்னும் இல்லீங்க ஐயா" என்றாள் அக்கா.

நான் பக்கத்துக் காம்பராக்காரன். ஹார்ட்வெயார் கடையில் வேலை, நாலு எழுத்து படித்தவன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்தத் தண்ணீரை என் வீட்டிலும்தானே குடித்தோம்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. மூன்றாம் நாள் ஊற்று மண் கலந்து பிளேன்டீ நிறத்தில் வந்தது. அக்கா பழைய சேலையில் வடிகட்டினாள். நான்காம் நாள் காலை, கொட்டுகிற மழையில், தண்ணீர் அடியோடு நின்றுபோனது. மழையில் ஊற்று திடீரென்று நின்றால் உள்ளே மண் நகர்கிறது என்று நான் படித்திருந்தேன்.

"ஆத்தாவுக்கு என்ன கோவமோ. ஒரு தேங்காய ஒடச்சுக் கும்புட்டுட்டு வாங்க" என்று புருஷன் பழனியாண்டியை மேட்டுக்கு அனுப்பினாள். போகாதீங்க மாமா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் குடையோடு போன கொஞ்ச நேரத்தில் அக்கா பின்கதவைச் சாத்தப் பார்த்தாள். கதவு நிலையில் சேரவில்லை. அடுப்படித் தரை கையகலத்துக்குப் பிளந்து கிடந்தது. வாளியைத் தட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஓடினாள்.

"எல்லாம் வெளிய வாங்க! மலை வருது!"

கோவில் பக்கம் ஓடினோம். பதினோரு காம்பராவும் காலியான பிறகுதான் அக்கா மேட்டுப் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தாள்.

"விடுடா குமாரு! ஒங்க மாமா மேல நிக்கிறாருடா!"

நான் விடவில்லை. இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்தாள். மேட்டு மரங்கள் நின்றபடியே இறங்கி வந்தன. பிறகு லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது.

விட்டிருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். இப்போது நிவாரண முகாமில் எங்களுக்குப் பக்கத்துப் பாய்தான். என் மனைவியோடு பேசுகிறாள், பிள்ளைகளோடு பேசுகிறாள். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.