கனடாப் பெரியப்பாவின் புல்லுத்தரை

இன்றைக்கும் ஆராவது வீட்டு முற்றத்தில் மட்டமாக வெட்டின புல்லைக் கண்டால் நான் நிற்காமல் நடந்துவிடுவேன். மற்றவர்கள் அழகென்று படம் எடுப்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வரும்.

கொடிகாமத்துக்குக் கிட்டத் தென்னங்காணிக்குள் நாங்கள் இருந்த வீடு எங்களுடையது அல்ல. அப்பாவின் தமையன், கனடாவில் இருந்த பெரியப்பா, கட்டினது. நாங்கள் அதற்குக் காவல். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்துகொண்டு, முன்பக்கத்து அறைகளைத் தூசி தட்டிப் பூட்டி வைப்போம். எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பாவுக்கு ஏதாவது மனக்குறை வந்தால் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவாரே என்ற பயம் சோறு தின்னும்போதும் எனக்குப் பக்கத்தில் இருக்கும்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு அவர் அப்பாவிடம் போனில் சொன்னார்: "தம்பி, ஆவணியிலை வாறன். அதுக்குள்ளை முன்முத்தம் முழுக்கப் புல்லாக்கி வை. இஞ்சை எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான்."

அம்மாவுக்கு விசர் வராத குறை. விடிய எழும்பிக் கோடு கோடாக முற்றம் கூட்டி, தலைகாட்டுகிற ஒவ்வொரு புல்லையும் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தே பழகின மனிசி. "இவ்வளவு நாளும் புல்லுப் பிடுங்கத்தானே எங்களை இருத்தினவர்? இப்ப நட்டு வளக்கட்டாமோ?" என்றா.

முதலில் பெரியப்பா ஆரிடமோ கொடுத்து ஒரு பை விதை அனுப்பினார். பைக்கு மேலே பச்சைக் கம்பளம் போலப் படம். தூவின விதையில் பாதியை எறும்பு இழுத்தது. மீதி மயிர்போல முளைத்து, ஐந்தாம் நாள் வெய்யிலில் பொசுங்கியது. அதற்கும் பிழை எங்கள் மேல்தான். "தண்ணி ஒழுங்கா விடேல்லைப் போலை" என்றார். எங்கடை மண்ணோ சீனிபோல மணல். ஊற்றின வாளியை நிமிர்த்த முதல் தண்ணீரைக் குடித்து முடித்துவிடும். கனடாவில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பிறகு அப்பா தன்பாட்டில் தொடங்கினார். தோட்டத்துக்குச் செய்கிறதை முற்றத்துக்குச் செய்தார். முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, வேலியில் கழற்றின பழைய பனையோலையை அடுக்கி, அதற்கு மேல் பூவரசங்குழை, அதற்கு மேல் ஆட்டெரு, எல்லாவற்றையும் மூடி வயல்மண். ஓலை உக்கினால் மணல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வயல் வரம்பில் இருந்து அறுகம்புல்லைக் கொடியோடு கொண்டுவந்து, கணு மண்ணுக்குள் போகும்படி விரலளவு துண்டுகளாக நட்டோம். வேர் பிடிக்கும்வரை வெய்யில் படாமல் மேலே தென்னோலைக் கிடுகு விரித்தோம்.

பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னடாப்பா, ஆடு வளக்கப் போறியோ?"

"ஓம் அண்ணை, ஆவணியிலை கனடாவிலையிருந்து வருகுது" என்றார் அப்பா.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை ஆராவது பெரியப்பாவிடம் சொல்லிவிட்டால்?

தண்ணீர் விடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போக முதல் ஒரு தரம், வந்து உடுப்பு மாற்றாமல் ஒரு தரம். மேலே நீண்ட நுனிகளை அம்மாவின் தையல் கத்திரிக்கோலால் வெட்டிக் குட்டு வாங்கினேன். ஆனி மாதம் புல் மூடிக்கொண்டது. காலை வைத்தால் குளிர்ந்தது. அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே பெரியப்பா எடுத்தார். "கெட்டிக்காரி! இன்னும் கொஞ்சம் தள்ளி நிண்டு எடு. வீடும் கிணத்தடியும் சேர்ந்து விழவேணும்."

கேற்றில் ஏறி நின்றுகூட எடுத்தேன். இனி எங்களை இந்த வீட்டை விட்டு ஆரும் எழுப்பமாட்டார்கள் என்று அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா போன் எடுத்து அம்மாவோடு கனநேரம் கதைத்தா. அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

ஆவணிச் சதுர்த்திக்கு முதல்நாள் கோயிலடி மாமி இரண்டு பெண்களோடு வந்தா. அந்த வருசம் மழை இல்லை, வரம்பில் அறுகெல்லாம் கருகிக் கிடந்தது. "தங்கச்சி, பிள்ளையாருக்கு மாலை கட்ட ஒரு பிடி அறுகு பிடுங்கட்டோ?"

"ஒரு பிடி ஏன் அக்கா?" என்ற அம்மா, உள்ளே போய்ப் பெரிய ஓலைக் கடகத்தையே எடுத்துவந்து கொடுத்தா.

இளகின மண்ணில் நிற்கிற அறுகை இழுத்தால் கொடியும் வேருமாகக் கையோடு வந்துவிடும். கடைக்குப் போன நான் திரும்பி வரும்போது முற்றம் சொறிநாயின் முதுகுபோலக் கிடந்தது.

"ஆரைக் கேட்டுப் பிடுங்கினனீங்கள்? இது பெரியப்பான்ரை புல்லு!" என்று கத்தினேன்.

"கடவுளுக்கே இல்லையெண்டு சொல்லுது பார் இந்தப் பெட்டை" என்றா மாமி.

"வாயை மூடிக்கொண்டு உள்ளை போ" என்றா அம்மா. அந்த நிமிசத்தில் இருந்து அம்மாவோடு கதைக்கிறதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்றாம் நாள் பெரியப்பா வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். கூடவே சப்பாத்துப் போட்ட இரண்டு பேர். நான் ஓடிப்போய், "இன்னும் ரெண்டு கிழமை தண்ணி விட்டால் திரும்ப வந்திடும்" என்று அழுதேன். ஒருவரும் புல்லைப் பார்க்கவேயில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். வேலியோரமாக எட்டு வைத்து அளந்தார்கள். ஒருவர் என் தலையைத் தடவி, "புல்லை விடு பிள்ளை, இவ்வளவுக்கும் கல்லுப் பதிக்கப் போறம்" என்றார்.

ஏழு மாதம்! அப்பாவின் முதுகும் என் கையும் முறிந்து வளர்த்த புல், வீடு வாங்குகிற ஆட்களுக்குப் படம் காட்டத்தான். அதை முதலே சொந்தத் தம்பியிடம் சொன்னால் வாய் வெந்துவிடுமோ? எங்களை அந்த வீட்டில் இருந்து கிளப்புகிறதற்கு நாங்களே தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு ஓலைக் கொட்டிலுக்குக் குடிமாறினோம். அடுத்த வருசத்தோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. பெரியம்மா போன் எடுத்த அன்றே அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கடகத்தை எடுத்துக் கொடுத்தது பிள்ளையாருக்காகவோ கோபத்துக்காகவோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இதெல்லாம் பிறகு தெரிய வந்தது. அன்றைக்கு எனக்கு விளங்கினது ஒன்றுதான்: கல்லுப் பதிக்கிற ஆட்கள் திரும்பி வர முதல் முற்றத்தைப் பச்சையாக்கிவிட வேண்டும், கண்டால் மனம் மாறுவார்கள். வான் போனதும் மிஞ்சின கொடிகளைத் தேடித் தேடி மண்ணுக்குள் ஊன்றினேன்.

"காணும் பிள்ளை, வா சாப்பிட" என்று அம்மா கூப்பிட்டா. நான் திரும்பியும் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்தா. கயிற்றை என் கையில் இருந்து வாங்கி, இருட்டும்வரை அள்ளி அள்ளித் தந்தா. செய்த பிழையை உணர்ந்துவிட்டா என்று எண்ணி, நான் அவவை மன்னித்தேன்.