பேச்சிமுத்து அண்ணாச்சி தூக்கி நிறுத்திய கூரை

ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடை ஒன்றில் எவனையோ அடிக்கக் கையை ஓங்கினாராம் வெல்டிங் கடைப் பேச்சிமுத்து அண்ணாச்சி. ஓங்கிய கையோடு அப்படியே சரிந்து உயிரை விட்டார் என்று அவருடைய மருமகன் போனில் சொன்னான். "அடி விழுந்துச்சா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். "இல்ல சின்ன மாமா, அவன் தப்பிச்சிட்டான்" என்றான். அண்ணாச்சியை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஓங்கி, இறங்காமல் போன ஒரே அடி அதுதான்.

எங்கள் பழக்கமே சண்டையில் ஆரம்பித்தது. ராஜபாளையத்தில் என் ஜீப் அவருடைய ஸ்கூட்டரை உரசியது. அவர் ஸ்பானரால் என் முன்விளக்கை உடைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். தளவாய்புரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் விட்ட குத்தில் அவருக்குப் பல் ஆடியது. அவர் அடித்ததில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஒரு காது மட்டும் சில நாள் கேட்கவில்லை. மறுநாள் அவரே புது விளக்கோடு வந்து நின்றார். "ஏலே, கை வலிக்குதா? நல்லாத்தாம்ல குத்துத" என்றார்.

பிறகு அவர் மகளுக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நம் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் திறந்த வண்டி வேண்டும், மாப்பிள்ளை முகம் தெருவுக்குத் தெரிய வேண்டும். "எங்க பையன் மூடின வண்டியில வர மாட்டான். அப்படின்னா கல்யாணத்தப் பொறவு பாத்துக்கிடுவோம்" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சபையிலேயே சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் கை துடித்தது. மகளுக்காக அந்தக் கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

ஜில்லாவிலேயே அழகான ஜீப் என்னுடையது. ஆனால் அதற்குக் கூரையாகக் கெட்டியான ஃபைபர் டாப். கழற்றி மாட்டலாம்தான், நாலு தடியர்கள் வேண்டும், எப்படித் தூக்கினாலும் முன்கண்ணாடியில் இடிக்கும். "ஆளே வேண்டாம்ல. ஒத்தக் கையால தூக்குத மாதிரி உன் ஷெட்டுலயே ஒண்ணு கட்டுதேன்" என்றார் அண்ணாச்சி.

யோசனை முழுக்க என்னுடையது. இதை அவர் இருக்கும்போது சொன்னால் சுத்தியல் பறந்து வரும். என் ஷெட் முன்பு வீட்டுக் கூடமாக இருந்தது. உத்தரத்தில் இருந்த பழைய ஊஞ்சல் கொக்கிகளில் கிணற்று உருளையை மாட்டிவிடலாம் என்றேன். அவர் ஏணியில் ஏறிச் சம்மட்டியால் ஒரே போடு போட்டார். கொக்கி மரத்துண்டோடு பிய்ந்து, என் காதை உரசிக்கொண்டு சுவரில் அறைந்தது. "கரையான் தின்ன கட்டையிலயா எம் மக கல்யாணத்தத் தொங்க விடச் சொல்லுத?" என்று அந்தச் சம்மட்டியோடே என்னைத் தெருக்கோடி வரை விரட்டினார்.

பின்பு சுவருக்குச் சுவர் இரும்பு கர்டர் போட்டு, கைப்பிடி வைத்த தூக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டினோம். கைப்பிடியைச் சுற்றினால் கம்பிக்கயிறு டாப்பை மேலே இழுக்கும். சுற்றுவதை விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை டாப் மேலே போனதும் அண்ணாச்சியும் எம்பி அதில் தொங்கிப் பார்த்தார். "தூக்குதது என்னல பெருசு? தூக்கினது நிக்கணும்."

அழைப்பு நாள் காலையில் பூஜை போட்டார். தூக்கினது நிக்கணும் என்று சொன்ன அதே மனிதர், சந்தனம் குங்குமம் வைத்ததோடு விடாமல், நல்லெண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி இயந்திரம் முழுக்கப் பூசினார். "சாமி காரியத்துல கஞ்சத்தனம் ஆகாது" என்றார். எண்ணெய் பிரேக் தட்டுக்குள்ளும் இறங்கிவிட்டது. டாப் ஜீப்பை விட்டு மேலே எழும்பியதும் பிரேக் வழுக்கியது. கைப்பிடி வெறி பிடித்தது போல் திரும்பிச் சுற்றி அவர் முழங்கையை அறைந்தது. டாப் கண்ணாடியை நோக்கிச் சரிந்தது. நான் புலியாகப் பாய்ந்து கம்பிக்கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. யானையே விழுந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். மிச்ச பாரத்தை அண்ணாச்சி தோள் கொடுத்து வாங்கினார். விறகு முறிவது போல அவர் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

தரையில் கிடந்தபடியே, "கண்ணாடி முழுசா இருக்கால?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் எண்ணெயத் தொடச்சிட்டு மறுபடி தூக்குல, எருமை!"

அன்று மாலை மாப்பிள்ளை திறந்த ஜீப்பில் வந்தான். கையைத் தூளியில் கட்டிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் நடந்தார். "என்ன சம்பந்தி, எங்கயும் விழுந்துட்டியளோ?" என்று பெரியப்பா கேட்டார். "உங்களுக்குன்னு வச்சிருந்த அடி, சம்பந்தி. நானே வாங்கிக்கிட்டேன்" என்றார் அண்ணாச்சி. பெரியப்பா அதற்குப் பிறகு பந்தியில் அப்பளம்கூடக் கேட்கவில்லை.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது போனில் அழுதான். "சின்ன மாமா, டாப்பக் கழட்டிட்டு ஜீப்பக் கொண்டாங்க. அவியள மூடின வண்டியில கொண்டுபோவ மாட்டேன்."

ஷெட்டில் நான் ஒருவனாகத்தான் நின்றேன். பூஜை போடவில்லை. காய்ந்த துணியால் பிரேக்கைத் துடைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். டாப் மேலே போனது. கையை எடுத்தேன். நின்றது.

தெருவெல்லாம் பார்க்க, முகம் திறந்தபடி அண்ணாச்சி போனார். டீக்கடையில் தப்பித்தவனும் மாலையோடு வந்திருந்தான். கிட்டே வரப் பயந்து, தள்ளி நின்றே மாலையை வீசினான்.

என் உள்ளங்கையில் அந்தக் கம்பிக்கயிற்றுத் தழும்பு இருக்கிறது. டாப்பை நான் இன்னும் இறக்கவில்லை. மழை வருது, ஜீப் நனையுமே என்கிறாள் என் மனைவி. நனையட்டும். அவர் கட்டியது அங்கே நிற்கிறது.