ஹெட் கழற்றிய சனிக்கிழமை

அப்பாவின் மோட்டார் சைக்கிள் மேடு ஏற மறுத்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பேத்துப்பாறையில் எங்கள் வீட்டுக்கு வரும் கடைசி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். அம்மாவும் நானும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவோம். வண்டியில் போய் வந்தேன் என்று பள்ளியில் நான் பெருமையடித்ததில் பாதித் தூரம் இப்படித் தள்ளியதுதான்.

அந்த வண்டியில்தான் அப்பா திருப்பூருக்குப் போவதாக இருந்தார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஊரான் தோட்டத்தில் கேரட் பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் ஆமாம் என்றார். மாதம் ஒரு தடவை வருவேன் என்று என்னிடம் சொன்னபோது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தார்.

சனிக்கிழமை பனி விலகி வெயில் வந்ததும் முற்றத்தில் சாக்கு விரித்து எஞ்சினைப் பிரித்தார். உச்சியில் மூடி போல உட்கார்ந்திருந்த பாகத்தைக் கழற்றி எடுத்தார். அதுதான் ஹெட். கவிழ்த்துப் பார்த்தால் கரி படிந்து, அம்மாவின் பணியாரச் சட்டியில் ஒரு குழியை மட்டும் வெட்டி எடுத்தது போல இருந்தது. குழிக்குள் இரண்டு வட்டத் தட்டுகள். அவைதாம் வால்வுகள்.

"இந்தக் கதவு வழியா பெட்ரோலும் காத்தும் உள்ள வரும். வெடிச்சு முடிஞ்சதும் அந்தக் கதவு வழியா பொகை வெளிய போயிரும். வெடிக்கிற நேரத்துல ரெண்டும் இறுக்கிச் சாத்தியிருக்கணும்" என்றார். புகை போகும் துளையில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். வால்வின் ஓரமாக ஈரம் கசிந்தது. "பாரு, கதவு சரியாச் சாத்தல. பலமெல்லாம் ஒழுகிப் போகுது. பெறகு எங்குட்டு மேடேறும்?"

ஒவ்வொரு வால்வின் தண்டையும் சுற்றி முரட்டு ஸ்பிரிங் ஒன்று. அதுதான் கதவை இழுத்துச் சாத்தி வைக்கிறது. அப்பா அதை அமுக்கியதும் தண்டின் நுனியிலிருந்து இரண்டு துண்டுகள் உதிர்ந்தன. சின்ன வளையத்தைப் பாதியாக வெட்டியது போல, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகமளவு. லாக் என்றார். அவ்வளவு பெரிய ஸ்பிரிங்கை அந்த இரண்டும்தான் பிடித்து நிறுத்துகின்றனவாம்.

"இதுல ஒண்ணு தொலைஞ்சாலும் வண்டி வெறும் இரும்புதான்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே, இரண்டு வால்வுகளின் நான்கு துண்டுகளையும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார்.

பிறகு வால்வின் ஓரத்தில் மணல் போல நறநறக்கும் தேய்ப்புப் பசையைத் தடவி, அதன் தட்டில் ஒரு குச்சியை ஒட்டவைத்து, மோர் கடைவது போல உள்ளங்கைகளால் உருட்டித் தேய்க்க ஆரம்பித்தார். அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் கிண்ணத்தில் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன். பயமாக இல்லை. வேலை சுலபமாக முடிந்ததில் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மதியம் மறுபடி பெட்ரோல் ஊற்றினார். ஒரு சொட்டுக் கசியவில்லை. சந்தோஷமாக ஒரு வால்வைப் பூட்டினார். அடுத்ததற்குக் கிண்ணத்தைத் துழாவியவர் நிமிர்ந்தார்.

"நாலுதான போட்டேன்? ஒண்ணக் காணோம்."

சாக்கை உதறினோம். அம்மா சல்லடை கொண்டுவந்து முற்றத்து மண்ணையே சலித்தாள். எல்லோரிலும் மும்முரமாகத் தேடியது நான்தான். கோழிக்கூடு வரைக்கும் போய்ப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது, "கையெல்லாம் மண்ணெண்ணெய் நாறுது" என்று அம்மாவே என் விரல்களுக்குச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. உதிரிபாகக் கடை கிடையாது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து அப்பா திருப்பூருக்குப் போன் செய்தார். "வண்டி ஹெட்டு கழண்டு கெடக்குங்க. நாளைக்கு வர முடியாதுங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் மூன்று தடவை சரிங்க என்றார். வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பொறுக்குவதை நிறுத்தவில்லை.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் லாக்கை அப்பாவிடம் நீட்டினேன். "கோழிக்கூட்டுக்கிட்ட கெடந்துச்சுப்பா."

அதில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று சுற்றியிருந்தது. என் ஸ்வெட்டரும் சிவப்புதான். அப்பா நூலை நகத்தால் பிரித்தெடுத்தார். என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லவேள, கோழி முழுங்காம விட்டுச்சு" என்றார்.

மாலைக்குள் ஹெட்டைப் பூட்டிவிட்டார். மூவருமாக ஏறி ஒரு சுற்றுப் போய், கடைசி மேட்டில் இறங்காமலே வீட்டுக்கு வந்தோம். பின்னால் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் வெள்ளனே அப்பா கேரட் தோட்டத்துக்குப் போனார். திருப்பூர்ப் பேச்சு பிறகு வீட்டில் எழவே இல்லை.

அப்பாவைப் போகவிடாமல் செய்தது நான்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஸ்கூல் பீஸ் கட்ட அவர் திண்டாடியபோதெல்லாம் அந்த நினைப்பு குத்தும். கல்லூரிக்காகப் பழனிக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் ஒருநாள், வடகவுஞ்சி வளைவில் பஸ் திரும்பும்போது, சட்டென்று உறைத்தது. இந்த பஸ் அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓடியிருக்கும். பழனியில் இறங்கினால் திருப்பூருக்கு வேறு பஸ். அப்பாவின் பை கட்டி வைத்தபடியே இருந்தது. பஸ்ஸில் போங்களேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.