கால்வாயில் எட்டு இடங்கள்

என் மகள் அப்போது நான்காம் வகுப்பு படித்தாள். சித்தூரிலிருந்து பாகாலா போகிற சாலையில் எங்கள் ஊர். ஊர் எலிமெண்டரி ஸ்கூலில் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர். பிள்ளைகளும் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் பின்பக்கம் கத்தரி நாற்று நட்டார்கள். பக்கத்தில் ஓடும் கால்வாயிலிருந்து பக்கெட்டில் மொண்டு ஊற்றினார்கள். இரண்டு வாரத்தில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது. சுவரோரம் இருந்த ஒரு வரிசைக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது பச்சையாக நின்றது.

இதைக் கவனித்தது பிள்ளைகள்தான். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பூச்சியாக இருக்கும் என்று அவர் சொன்னதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் நீங்களே என்னவென்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்து கால் கழுவும்போதே மகள் கேட்டாள்.

"உங்க லேப்புல தண்ணியில முக்கினா கலர் மாறுற பேப்பர் இருக்குதுன்னு சொன்னியே, எங்களுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு வரியாம்மா?"

நான் வேலை பார்த்தது ஊருக்கு மேற்கே இருந்த ஒரு ஜூஸ் ஃபேக்டரியில். மாம்பழச் சீசனில் டிராக்டர் டிராக்டராகப் பழம் வந்து இறங்கும். கூழாக்கி டின்னில் அடைத்து அனுப்புவார்கள். லேபில் நாங்கள் இரண்டு பெண்கள். கூழின் இனிப்பும் புளிப்பும் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. புளிப்பு பார்க்கிற பேப்பர் சின்னச் சின்னப் புத்தகமாக வரும்; புளிப்பு கூடினால் சிவக்கும், நல்ல தண்ணீரில் பச்சையாகும். பாதி தீர்ந்த ஒரு புத்தகத்தை மறுநாள் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நாலு இடத்தில் முக்கிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கால்வாயோரமாகவே, தண்ணீர் வருகிற திசையில், மேற்கே நடந்தார்கள். முக்குவதற்கு இருவர், எழுதுவதற்கு இருவர், வழியில் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டார்களாம். மறுநாள் என் மகளும் இன்னும் மூன்று பேரும் எங்கள் வீட்டுத் தரையில் சார்ட் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தார்கள். நீலத்தில் ஒரு நீளக் கோடு, கால்வாய். அதன்மேல் எட்டு வட்டங்கள். பேப்பரில் வந்த நிறமே வட்டத்துக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் மஞ்சள். மேலே போகப்போக ஆரஞ்சு. ஏழாவது வட்டம் நல்ல சிவப்பு. எட்டாவது பச்சை.

"சிவப்பு வந்ததும் திரும்பியிருக்கலாமில்ல?" என்றேன்.

"அதுக்கும் மேல எப்டி இருக்குதுன்னு பாக்க வேணாமா? மேல தண்ணி நல்லாத்தான் இருக்குது. அங்கதான் கெடுது."

ஏழாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சுவரும், சுவரில் ஒரு குழாயும் வரைந்திருந்தார்கள். சுவர்மேல் இருந்த முள்கம்பியைக்கூட விடவில்லை. அது எங்கள் ஃபேக்டரியின் பின்சுவர்.

எனக்குப் பயமாகிவிட்டது. காரணம் அந்தக் குழாய் மட்டுமல்ல. ஃபேக்டரியிலிருந்து வெளியே போகிற தண்ணீரையும் தினமும் சோதித்து ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அதுவும் என் வேலைதான். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டிகள் இருந்தன, ஆனால் அவற்றின் மோட்டார் ஓடி நான் பார்த்ததில்லை. சேர்ந்த முதல் வாரம் நான் சோதிக்கக் கிளம்பியபோது, "அங்கெல்லாம் எதுக்கும்மா போற, வழுக்கும். ஏழுன்னு எழுதிக்கோ" என்று மேனேஜர் சொன்னார். ஏழு என்றால் புளிப்பே இல்லாத நல்ல தண்ணீர்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். மூன்று வருடமாக ஏழு, ஏழு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி ஒன்பது என்று மாற்றி மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என் கணவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு தடாவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். போனில் சொன்னேன்.

"கொழந்தைங்க படம் போட்டதுக்கு யாரு இன்னா பண்ணப்போறாங்க? பேப்பர் நீ குடுத்தது மட்டும் வெளிய தெரியாம பாத்துக்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் லேபுக்குள் வந்தார். முக்கிக் காய்ந்துபோன ஒரு பேப்பர்த் துண்டை மேஜைமேல் வைத்தார். பின்சுவருக்கு வெளியே, ஸ்கூல் பிள்ளைகள் வந்துபோன இடத்தில், வாட்ச்மேன் பொறுக்கியதாம்.

"இதி மன பேப்பரே கதா?" என்று கேட்டார்.

நம்முடைய பேப்பர்தான், பார்த்தவுடனே தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "தெரியல சார். இது கடையிலயும் கிடைக்குது" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க பாப்பாவும் அந்த ஸ்கூல்தானே? பசங்க கால்வாய்ப் பக்கமெல்லாம் சுத்தறது நல்லதில்லம்மா. டிராக்டர், லாரி எல்லாம் போற வழி. பாத்துக்கோ."

அக்கறையாகச் சொன்னாரா, மிரட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். லேபில் உட்கார்ந்திருக்கும்போது சாலையில் லாரி ஹாரன் கேட்டால் கை நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை ஊர் அரசாங்க ஆபீஸான கிராம சச்சிவாலயத்தில் கூட்டம். மண்டல ஆபீசர் வருகிறார், பிள்ளைகள் சார்ட்டைக் காட்டப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. முந்தின நாள் மாலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"அந்த ஏழாவதை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்தா ஏழு இடம்தானே இருக்கும்? நாங்க எட்டு பாத்தோம்."

"சரி, பேப்பர் எங்கேந்து வந்ததுன்னு கேட்டா என்னைச் சொல்லாத."

"ஏன்?"

"அம்மாவுக்கு வேலை போயிடும்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

கூட்டத்தில் நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபேக்டரி சூப்பர்வைசர் கதவோரம் நின்றிருந்தார். சார்ட்டை இரண்டு பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, என் மகள் தெலுங்கில் விளக்கினாள். கத்தரிச் செடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துச் சொன்னாள். ஏழாவதில் விரல் நின்றது. ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"ஈ பேப்பர் எக்கடிதி?" என்று கேட்டார். பேப்பர் எங்கே கிடைத்தது என்கிறார்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. திருப்பதியில் வாங்கியது, அப்பா வாங்கிக்கொண்டு வந்தார் என்றாள். ஒரு தடுமாற்றம் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது பொய். ஆபீசர் தலையாட்டி எழுதிக்கொண்டார். டீச்சர் மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

மூச்சு திரும்பியது. அது திரும்பியதை நினைத்து அப்போதே அவமானமாகவும் இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "நான் நல்லா சொன்னேனாம்மா?" என்று கேட்டாள். சார்ட்டைச் சொல்கிறாளா, அதைச் சொல்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை, மூன்று வருடத்தில் முதல்முறையாக, பின்சுவர்க் குழாய் இருக்கும் இடத்துக்கு இறங்கிப் போனேன். தோலும் நாரும் அழுகிக் கிடந்தன. மேனேஜர் சொன்னது நிஜம், வழுக்கத்தான் செய்தது. பேப்பரை முக்கினேன். பிள்ளைகள் தீட்டிய அதே சிவப்பு. ரெஜிஸ்டரில் நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். "இதை மாத்தி எழுது."

"பாத்துட்டுத்தான் சார் எழுதினேன்."

"இத்தனை நாள் பாத்தியா?"

"இல்ல சார்."

ரெஜிஸ்டரை மூடித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மேஜைமேல் புது ரெஜிஸ்டர் இருந்தது. அதிலும் நாலு என்றுதான் எழுதினேன். அதற்கடுத்த நாள் அது பக்கத்துப் பெண்ணின் மேஜைக்குப் போய்விட்டது. "எவ்ளோன்னு எழுதட்டும்க்கா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். போய்ப் பார்த்துவிட்டு எழுது என்றேன். அவள் போகவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அதே வாரம் தொட்டிகளின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. பிறகுதான் திருப்பதியிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பாட்டில்களோடு வந்தார்கள். தண்ணீர் பிடித்தார்கள், புது ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள், போய்விட்டார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஃபேக்டரி மூடப்படவில்லை. ஆனால் சீசன் முடியும்வரை மோட்டார் நிற்கவும் இல்லை. பிள்ளைகள் வாராவாரம் போய்ப் பார்த்தார்கள். ஏழாவது வட்டம் ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் இளம்பச்சைக்கு வந்தது. சீசன் முடிந்ததும் இனி வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் விடு என்றார் கணவர்.

வேலை போன பிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் முன்னால் நின்று, பேப்பர் கொடுத்தது நான்தான், என் பெண் நான் சொல்லித்தான் பொய் சொன்னாள் என்றேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி. யாரைக் கேட்டாலும் திருப்பதின்னுதான் சொல்லணும்னு எல்லாரும் பேசி வெச்சிருந்தோம்" என்றாள்.

பதினைந்து பிள்ளைகள் என் வேலைக்காகக் கூடிப் பேசி ஒரு பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சார்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, இது ஒன்றுதான் தப்பு, ஆபீசருக்கு எழுதித் திருத்திவிடலாம் என்றார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். எழுதட்டும் என்றேன். பிள்ளைகள் தெலுங்கில் எழுதி முடித்த கடிதத்தின் அடியில், மூன்று வருடம் சோதிக்காமல் ஏழு என்று எழுதியதை நான் என் கையால் சேர்த்தேன். சேர்க்கும்போது மகள் என் தோளில் சாய்ந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது நான் திருப்பதியில் ஒரு காலேஜில் லேப் உதவியாளராக இருக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், அந்தக் கடிதத்துக்காக இருக்குமோ என்று இரண்டு மூன்று முறை மணி அடிக்க விட்டுத்தான் எடுக்கிறேன்.